ஆள் இறங்குது

ஊரென்றால் ஊர், அப்படி ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரு பூங்கா, பூங்காவுக்கு நடுவே ஒரு பீடம், பீடத்துக்கு இரண்டு படி, எல்லாம் இருந்தும் மேலே நிற்கத்தான் ஆளில்லை. நெட்டூரணி என்பது ஊரின் பெயர். கிழக்குத் தெருக்காரர்கள் தங்கள் தலைவர் சிலைக்கென்று அடிக்கல் நாட்ட, மேற்குத் தெருக்காரர்கள் தங்கள் தலைவருக்கென்று வழக்குப் போட, யாரும் வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை கொடுக்க, பீடம் மட்டும் வெயில் காய்ந்து மழை நனைந்து கிடந்தது. டவுன் பஸ் படியைவிட ஒரு சாண் உயரமான படிகள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது.

ஒருநாள் விடிந்தபோது அதன்மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

மேற்குத் தெரு வைத்துவிட்டது என்று கிழக்குத் தெரு கம்போடு ஓடிவந்தது, கிழக்குத் தெரு வைத்துவிட்டது என்று மேற்குத் தெரு கல்லோடு ஓடிவந்தது, இரண்டு கூட்டமும் அண்ணாந்து முகத்தைப் பார்த்தன, பார்த்த மாத்திரத்தில் கம்பும் கல்லும் கீழே விழுந்தன. கிழக்கே நின்றவர்களுக்கு அது தங்கள் தலைவர் முகமாகவே இருந்தது. மேற்கே நின்றவர்களுக்கும் அப்படியே. சிலை வைக்கத்தான் தடை, தானாக வந்து நிற்கும் சிலைக்குத் தடை ஏதுமில்லை என்று வக்கீல்கள் படித்துச் சொன்னார்கள். அத்தோடு வழக்கு முடிந்தது.

ஆனால் அவர் சிலை இல்லை, ஆள். தாய்ச்சி என்கிற சீனத்துப் பயிற்சியை அதற்குரிய வேகத்தில் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அதை மெதுவாகச் செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு மெதுவாக என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஊருக்கும் அது தெரியாமலில்லை. வருடத்துக்கொரு முறை வெள்ளிநிறப் பெயிண்ட் அடிக்கும் அந்தோணிராசு, "மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுட்டு அடிப்பேன், அடைச்சா தும்முதாரு" என்று டீக்கடையில் சாதாரணமாகச் சொல்வான். கேட்டவர்களும், "தலைவர்னா அப்படித்தான்" என்று டீயை ஊதிக் குடிப்பார்கள். முதல் வருடக் கோப்பில் 'வலது கை இடுப்பருகே' என்று எழுதிய நகராட்சிப் பொறியாளர் குமரகுருபரன், இரண்டாம் வருடம் அளந்தபோது கை மார்புக்கு வந்திருக்கக் கண்டு, தப்பாக எழுதியதாகக் குமாஸ்தாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார். மூன்றாம் வருடம் கை தோளுக்கு வந்தபோது அந்தக் குமாஸ்தாவை மாற்றியே விட்டார். தேர்தல் வந்து, எல்லாத் தலைவர் சிலைகளையும்போல இவரையும் நாற்பத்தைந்து நாள் துணி சுற்றி மூடி, முடிவு வந்து அவிழ்த்துப் பார்த்தால், கிழக்கே பார்த்தவர் மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருந்தார். கிழக்குத் தெரு மறியலில் உட்கார்ந்தது. சமாதானக் கூட்டம் போட்டு, 'சிலை வடக்கே பார்க்கிறது' என்று இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். இரண்டு தலைவர்களுக்கும் ஐப்பசி இருபதுதான் பிறந்தநாள் என்றும், பத்து மணி முதல் பத்தரை வரை கிழக்கு மாலை போடும், பதினொன்று முதல் பதினொன்றரை வரை மேற்கு மாலை போடும், இடைப்பட்ட அரைமணி நேரம் போலீசார் மாலை கழற்றுவார்கள் என்றும் அதே தாளில் எழுதிக்கொண்டார்கள்.

இப்படியே ஆறு வருடம் போனது. ஏழாம் வருடத்தில்தான் மாசிலாமணி விழுந்தார்.

மாசிலாமணி முப்பத்துநான்கு வருடம் கண்டக்டர். காதில் பேனா, விரலிடுக்கில் நோட்டு, கக்கத்தில் பை, வாயில் விசில், கை எதையும் பிடிக்காது; மலையடிவாரத்து வளைவில் வண்டி மொத்தமும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிகையில் அவர் மட்டும் நட்ட கம்பமாக நின்று மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுப்பார். அப்படிப்பட்டவர், ஓய்வுபெற்ற நாளன்று கழுத்து மாலையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆடாத தரையில் கால் வைத்ததும் விழுந்தார். தரை ஆடாமலிருந்ததுதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை சர்ச் வாசலில். மூன்றாவது தடவை, கார்த்திகை மாதத்தில், சொந்த வீட்டுப் படியில். அதில் மணிக்கட்டு முறிந்தது. மூன்று விழுகையும் படி இறங்குகையில்தான். ஏறுவதில் அவருக்கு ஒரு குறையுமில்லை, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவார். இறங்கும்போது கால் முன்னே போகிறதா உடம்பு முன்னே போகிறதா என்று அவருக்கே தெரியாது.

அவர் வீட்டுக்கு மூன்று படி. மணிக்கட்டு முறிந்த பிறகு காலையில் பால் வாங்க உட்கார்ந்துகொண்டே, வேட்டி தேய ஒவ்வொரு படியாக இறங்குவார். எதிர்வீட்டில் கோலம் போடுகிறவள் அந்த நேரம் பார்த்துப் புள்ளி எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் அப்படி எண்ணுவதுதான் அவருக்குத் தாங்க முடியாமலிருந்தது.

மகன் ஜெபசிங் சென்னையிலிருந்து போனில் பேசினான். "போதும்ப்பா. அம்மாவும் இல்ல, நீங்க விழுந்தா யாரு தூக்குவா? இங்க பதினாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு, படியே மிதிக்க வேண்டாம்."

"படியே இல்லாத எடத்துல நான் எப்படிலே இறங்குவேன்?"

"எதுக்கு இறங்கணும்?"

எதற்கெல்லாம் இறங்க வேண்டும் என்று மாசிலாமணி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். காலையில் பழைய டிரைவர் தாவூதோடு ஒரு டீ, சாயங்காலம் பஸ் நிலையத்தில் போய் நின்று எந்த வண்டி லேட்டு என்று பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை மனைவியின் கல்லறையில் ஒரு முழம் பூ. பதினாலாவது மாடியிலிருந்து இதில் எதற்கும் வழியில்லை. கெஞ்சிக் கெஞ்சி ஐப்பசி இருபதுவரை தவணை வாங்கினார். "அன்னைக்கு நான் வாரேன்" என்றான் மகன். "என் கண்ணு முன்னால எதையும் பிடிக்காம படி இறங்கிக் காட்டுங்க, நான் வாயே திறக்கமாட்டேன். முடியலைன்னா, வரும்போதே காலிப் பெட்டி ரெண்டு கொண்டாருவேன், துணிமணி எடுத்துவச்சிட வேண்டியதுதான்."

கட்டுப் பிரித்த பெரியாஸ்பத்திரி டாக்டர், "தாய்ச்சின்னு ஒண்ணு இருக்கு, கால்ல நிதானம் வரும். நல்ல வாத்தியாராப் பாத்துக் கத்துக்கிடும்" என்றார். நல்ல வாத்தியார் என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிக்க என்று இவர் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தேடினார். நெட்டூரணியில் தாய்ச்சி வாத்தியார்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாண மண்டபத்து மாடியில் கிராண்ட் மாஸ்டர் டாக்டர் வஜ்ரவேலு இருந்தார். கராத்தே, சிலம்பம், குங்ஃபூ, தாய்ச்சி, கூடவே கோடைக்காலத்தில் நீச்சல். தொண்ணூறு நாளில் கறுப்புப் பட்டை. உள்ளே நுழைந்ததும் மாசிலாமணியின் கையில் ஆளுயரக் கோப்பை ஒன்றைக் கொடுத்து நிற்கவைத்து, "முதல்ல போட்டோ, அப்புறம் பயிற்சி" என்றார். "முழங்கால்ல வலி உண்டு, படியில விழுந்து..." என்று மாசிலாமணி ஆரம்பித்தார். "வலியா? அது மைண்ட்ல இருக்கு" என்று வஜ்ரவேலு அவருடைய மண்டையில் விரலால் தட்டினார். கராத்தேயையே தூக்கக் கலக்கத்தில் செய்வதுதான் வஜ்ரவேலுவின் தாய்ச்சி. ஒரு வாரத்தில் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது.

புறவழிச்சாலையில் யோகாச்சாரினி லலிதாங்கி இருந்தார். தாய்ச்சி சீனத்துடையதே அல்ல, நம்முடையது, இங்கிருந்துதான் போனது என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. எப்படிப் போனது, எந்தத் துறைமுகம் வழியாகப் போனது, போனபோது அவர்கள் நன்றி சொன்னார்களா என்று நாற்பது நாள் சொன்னார். கேட்டவர்கள் நாற்பது நாளும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தே பெருமைப்பட்டார்கள். நாற்பத்தோராம் நாள் எழுந்தபோது மாசிலாமணியின் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

கடைசியாகப் போன் வீடியோவில் ஒரு சீனத்துப் பெண். பூப்போல அசைந்தாள், அவர் நெஞ்சே குளிர்ந்தது. ஆனால் எதிரே நின்று செய்ததால் அவள் வலது இவருக்கு இடதா வலதா என்ற குழப்பம் தீரவேயில்லை. ஒருநாள் பயிற்சிக்கு நடுவே ஜெபசிங்கின் வீடியோ அழைப்பு வந்துவிட, திரையில் மகன் தலையைச் சொறிந்தான், மாசிலாமணியும் மெதுவாகத் தலையைச் சொறிந்தார், மகன் மூக்கைத் தொட்டான், அவரும் தொட்டார். "அப்பா, என்ன செய்யுதீங்க? டாக்டர்ட்ட காட்டினீங்களா?" என்று அவன் அலறிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

பங்குனி பிறந்தது. ஒரு காலையில் பூங்கா பெஞ்சில் தாவூதோடு உட்கார்ந்திருந்தார். தாவூது அவர் வண்டியின் டிரைவர். இருபது வருடம் இவர் விசிலுக்கு அவர் பிரேக் போட்டிருக்கிறார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. அதற்குமேல் பேச்சே தேவைப்படாத சிநேகிதம்.

"எல்லா வாத்தியாரும் பாத்தாச்சுவே டிரைவரே" என்றார் மாசிலாமணி. "ஒருத்தனும் என் காலைப் பாக்கல."

"உம்ம காலுல பாக்கதுக்கு என்ன இருக்கு? நகம் வெட்டி ஒரு மாசம் இருக்கும்."

மாசிலாமணி பீடத்து மனிதரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவே நிற்கிற கண்டக்டருக்கு முகம் தெரியாது, கால்தான் தெரியும். எந்தக் கால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறது என்பதை அது அசைவதற்கு முன்பே சொல்லிவிடலாம். இறங்கப்போகிற ஆள் ஒரு காலைக் காலி பண்ணுவான். பாரத்தையெல்லாம் மற்றக் காலுக்கு ஏற்றுவான். பீடத்து மனிதரின் இடது கால் காலியாகிக்கொண்டிருந்தது.

"அவரு இறங்கப்போறாருவே."

"யாரு?"

"நிக்காருல்லா, அவரு."

தாவூது அண்ணாந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். "நீரு சொன்னாச் சரிதான். எப்ப இறங்குவாரு?"

"இந்த வேகத்துல போனா, ஐப்பசி."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாசிலாமணி பீடத்தின் கீழே ஒரு பக்கமாக, பீடத்து மனிதர் பார்த்த திசையிலேயே முகம் வைத்து, அவர் நின்ற மாதிரியே நின்றார். அன்றன்றைக்கு அவர் எவ்வளவு அசைகிறாரோ அவ்வளவு அசைவது. மிச்ச நேரம் நிற்பது. "என்னவே, சிலைக்கே ஒரு டூப்பா?" என்று போகிற வருகிறவர்கள் கேட்டார்கள். பங்குனி, சித்திரை முழுக்க வலது காலில் பாரம் ஏற்றுவது மட்டும்தான் பாடம். எண்ணெய் ஒரு போணியிலிருந்து இன்னொரு போணிக்கு இறங்குவதுபோல, தளும்பாமல், அவசரமில்லாமல். வைகாசியில் இடது குதிகால் எழுந்தது. ஆனியிலும் ஆடியிலும் அந்தக் கால் முன்னே பயணம் போனது, உடம்பு வலது காலின் மேலேயே இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பட்டை தரவில்லை, எந்த நாட்டுப் பெருமையும் சொல்லவில்லை. இவர் தப்பாக நின்றாலும் அவர் சரியாக நின்றார், அதைப் பார்த்து இவர் சரிசெய்துகொண்டார். ஆடிக் கடைசியில், ஒற்றைக் காலில் நிற்கையில் மாசிலாமணியின் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்த நடுக்கம் நின்றது.

"புரிஞ்சிபோச்சுவே" என்று தாவூதிடம் சொன்னார். "நான் இத்தனை நாளும் காலையும் உடம்பையும் ஒரே டிக்கெட்ல அனுப்பினேன். அவரு முதல்ல காலை மட்டும் அனுப்புதாரு. அது போயி, எடம் இருக்கான்னு பாக்குது. உடம்பு பொறுமையா பின்னால நிக்கி. எடம் உண்டுன்னு கால் சொன்னப் பொறவுதான் உடம்பு கிளம்பும்."

"அப்ப வீட்டுப் படி இறங்கிருவீரா?"

"இல்லவே. காலை அனுப்பதுவரைக்கும்தான் அவரு காட்டிருக்காரு. கீழ்ப்படியில அந்தப் பாரத்தை எப்படி எறக்கணும்கிறதை இன்னும் காட்டல. அதைப் பாக்காம நான் எறங்கினா, நாலாவது விழுகைதான்."

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. கண்டக்டருக்கு நடுக்கம் நின்றுவிட்டதாம் என்று செய்தி பரவி, ஆவணியில் பீடத்தைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். புரட்டாசியில் வஜ்ரவேலு பேனரோடு வந்துவிட்டார். தலைவரின் நேரடிச் சீடர் தாம்தான் என்றும், தலைவர் ஏழு வருடத்தில் செய்வதைத் தம்மிடம் ஏழே நாளில் முடிக்கலாம் என்றும் பேனர் சொன்னது. முப்பது பேர் இருநூறு பேரானார்கள். சான்றிதழ், சீருடை, முதுகில் டிராகன். லலிதாங்கியும் மைக்கோடு வந்து எதிர்ப்பக்கம் ஜமுக்காளம் விரித்தார். பீடத்துக்குக் கீழே தமக்கென்று இருந்த இடத்திலிருந்து மாசிலாமணி நகர்ந்து நகர்ந்து, கடைசியில் கழிப்பறைச் சுவரோரம் நின்று கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. "புது ஆளுங்க பின்னால நில்லுங்க" என்று வஜ்ரவேலுவின் உதவியாள் அவரை அதட்டினான்.

புரட்டாசி முடியும்போது, பீடத்து மனிதரின் இடது பாதம் விளிம்பைத் தாண்டி ஒரு முழம் வெளியே வந்து, வெறும் காற்றில், கீழ்ப்படியை நோக்கி நின்றது.

பொறியாளர் குமரகுருபரன் நாடாவை நீட்டிப் பார்த்துவிட்டு, பீடம் சுருங்கியிருக்கிறது என்று எழுதினார். அதே கோப்பில் இன்னொரு காகிதமும் இருந்தது: ஐப்பசி இருபதன்று மந்திரி வந்து திறந்துவைப்பதற்காக, சிலையின் பாதுகாப்புக்கென்று நாலு பக்கமும் இரும்புக் கூண்டு. தலைவர்களுக்குக் கூண்டு போடுவது அந்தச் சீமையில் ஒரு மரியாதை. கூண்டில்லாத தலைவரை யாரும் பெரிய தலைவராக நினைப்பதில்லை.

மாசிலாமணி பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனார். "சார், அவரு ஒத்தைக் கால்ல நிக்காரு. இறங்கப்போறாரு. இப்பக் கூண்டு போட்டா, பாதி படியில கதவச் சாத்தின மாதிரி ஆயிரும்."

குமரகுருபரன் நிமிர்ந்து பார்த்தார். "பெரியவரே, சிலை இறங்குறதா இருந்தா மனு குடுக்கணும். அது குடுத்திருக்கா?"

"இல்ல சார்."

"பாத்தீரா? அப்ப அதுக்கே இறங்க இஷ்டமில்ல."

ஐப்பசி இருபது விடிந்தது. ஏழு மணிக்கே மூன்று பக்கக் கூண்டு ஏறிவிட்டது. முன்பக்கத்துக் கம்பிகளைப் பற்றவைக்க வெல்டர்கள் தீப்பொறி பறக்க வேலை செய்தார்கள். முன்பக்கக் கம்பி வரவேண்டிய இடத்தில்தான் அவருடைய பாதம் இருந்தது. "இந்தக் காலு இடிக்குதே, கொஞ்சம் உள்ள தள்ளுவோமா?" என்று ஒரு வெல்டர் சுத்தியலை எடுத்தான். சுற்றிலும் இருநூறு டிராகன் முதுகுகள், பேண்டு வாத்தியம், இரண்டு தெருக் கொடிகள், போலீஸ். ஜெபசிங்கின் கார் சாத்தூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது, காலிப் பெட்டிகள் இரண்டும் பின்சீட்டில் இருந்தன.

மாசிலாமணி சட்டைப்பையில் கைவிட்டார். ஓய்வுபெற்ற அன்று டிப்போவில் ஒப்படைக்காமல் வைத்துக்கொண்ட ஒரே சாமான் அதில் இருந்தது. கழிப்பறைச் சுவரோரத்திலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார், பஸ்ஸுக்குள் போவதுபோலத் தோளை முன்னால் விட்டு, "உள்ள போ, உள்ள போ, நகரு" என்று முனகிக்கொண்டே போனார், இரண்டு படியையும் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிப் பீடத்துக்கே போனார், வெல்டருக்கும் அந்தப் பாதத்துக்கும் நடுவே நின்று, நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் கூட்டி ஒரே ஒரு விசில் அடித்தார்.

"ஆள் இறங்குது!"

நெட்டூரணியில் பிறந்து டவுன் பஸ் ஏறாதவர்கள் யாருமில்லை. அந்த ஒற்றை விசிலுக்கு எல்லாரும் அப்படியே நின்றார்கள். வெல்டர் கை நின்றது, பேண்டு நின்றது, வஜ்ரவேலு உதைக்கத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது, போலீஸ் ஜீப் தன்பாட்டுக்குப் பிரேக் அடித்து நின்றது.

பீடத்து மனிதர் இறங்கினார். ஏழு வருடம் எடுத்துக்கொண்டவர் இப்போது நம்மைப்போல, சாவகாசமாக இறங்கினார்: முன்பாதம் கீழ்ப்படியைத் தொட்டது, அப்புறம் குதிகால் படிந்தது, இடம் உண்டு என்றது, வலது முழங்கால் மடங்கி மடங்கி உடம்பைக் கீழே இறக்கிக் கொடுத்தது, கிணற்றுக்குள் வாளியை விடுகிற கைபோல, கடைசிச் சொட்டுப் பாரம் வந்து சேர்ந்த பிறகே வலது கால் பின்னாலிருந்து கிளம்பியது. மாசிலாமணி அந்த முழங்காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வெள்ளிப் பெயிண்ட் செதில்செதிலாக உதிர்ந்தது. தரைக்கு வந்ததும் அவர் ஒருதரம் தும்மினார், திரும்பி மாசிலாமணியின் காலை, முகத்தை அல்ல, காலைப் பார்த்துத் தலையசைத்தார். விலகி வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்பதில் பிறகு சண்டை வந்தது. கிழக்குத் தெரு மேற்கே என்றது, மேற்குத் தெரு கிழக்கே என்றது.

அவர் போனதுதான் தாமதம், மந்திரி கார் சைரன் கேட்டது. யாருக்கும் எதையும் யோசிக்க நேரமில்லை. குமரகுருபரன் கையை ஆட்ட, நாலு பேர் திறப்புவிழாத் துணியைக் கூண்டின்மேல் போர்த்தி இழுத்துக் கட்டினார்கள்.

உள்ளே மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார்.

ஏறியாகிவிட்டது, இறங்கத்தான் தைரியமில்லை. பார்த்தது கண்ணில்தான் இருக்கிறது, இன்னும் காலுக்கு வரவில்லை. துணிக்குள் வியர்வை ஓட, செய்வதறியாமல், ஏழு மாதப் பழக்கத்தில் வலது காலில் பாரத்தை ஏற்றி, இடது காலைக் காலி பண்ணி, பானையை அணைத்ததுபோலக் கையை வைத்துக்கொண்டார். உடம்பு தானாகவே அடங்கியது. மந்திரி கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. வேட்டியும், அரைக்கைச் சட்டையும், வாயில் விசிலுமாக நின்றவரைப் பார்த்து நெட்டூரணி கைதட்டியது.

'காலத்தால் அசைக்க முடியாத சிலை' என்று எழுதி வந்த பேச்சை மந்திரி படித்தார். பத்து மணிக்குக் கிழக்குத் தெரு மாலை போட்டது. "தலைவர் கொஞ்சம் மெலிஞ்சிட்டாரே" என்று ஒருவர் கண்கலங்கினார். அரைமணி நேரம் போலீசார் கழற்றினார்கள். பதினொன்றுக்கு மேற்குத் தெரு மாலை போட்டது. குமரகுருபரன் நாடாவோடு வந்து அளந்து, 'வெயிலினால் ஒரு சாண் உயரம் குறைவு' என்று எழுதினார். வஜ்ரவேலுவின் இருநூறு பேரும் நேரடிக் குருவை வணங்கினார்கள். கூட்டத்தில் தாவூது ஒருவர்தான் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், மாலைகளுக்கு நடுவே கிட்டத்தில் வந்து, "மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முன்பக்கக் கம்பிய வைப்பாங்களாம்வே. அதுக்கு முன்னால இறங்கிரும். இல்லன்னா வருசத்துக்கு ஒருதரம் அந்தோணிராசுதான் உம்மைக் கவனிச்சுக்கிடுவான்" என்று சொல்லிவிட்டு, ஜெபசிங்குக்கு வழி சொல்ல வாசலுக்குப் போனார்.

மந்திரி போனார். கொடிகள் போயின. டிராகன்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போயின. வெல்டர்களும் போனார்கள். யாரோ ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளைக்கு வேலை கிடைக்கணும் தலைவரே" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அதைக் கேட்டதும்தான் மாசிலாமணிக்கு நிஜமாகவே பயம் வந்தது. படியில்லாத வீடு பதினாலாவது மாடியில் மட்டுமில்லை, இங்கேயும் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

"அப்பா!"

ஜெபசிங் மூச்சிரைக்க ஓடிவந்தான். மாலையைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான், இரண்டு உயரமான படிகளைப் பார்த்தான். "ஐயோ, அசையாதீங்க. நான் வந்து தூக்கி இறக்குதேன். கையக் குடுங்க."

படியில் கால்வைக்கப் போனவனை நோக்கி ஒரு விசில் வந்தது. சின்ன வயதில் அப்பா வண்டியிலேயே பள்ளிக்கூடம் போய்வந்தவன். நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.

மாசிலாமணி மாலையைக் கழற்றிக் கூண்டுக் கம்பியில் மாட்டினார். கம்பியைப் பிடிக்கவில்லை. வலது காலுக்குப் பாரம் போனது. இடது கால் காலியானது, விளிம்பைத் தாண்டியது, கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது. படி இருக்கிறதா இல்லையா என்று ஒரு கணம் தெரியவில்லை, பழைய மாசிலாமணியானால் அந்தக் கணத்தில்தான் உடம்பையும் கூடவே அனுப்பியிருப்பார். இவர் அனுப்பவில்லை. நின்றார். பாதம் தொட்டது. குதிகால் படிந்தது. இடம் உண்டு என்றது. வலது முழங்கால் மடங்கி, மடங்கி, வாளியைக் கிணற்றுக்குள் விட்டது.

அடுத்த படி. அதையும் அப்படியே.

தரை. அது ஆடவில்லை, அவரும் ஆடவில்லை.

ஜெபசிங் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பிறகு, "வீட்டுல மூணு படிதானேப்பா" என்றான்.

"மூணுதான்."

"சரி. நான் வெறும் பெட்டியக் கொண்டுபோய் வீட்டுல பரண்மேல போடுதேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டே காரைப் பார்த்து நடந்தான். "வாங்க, கார்லயே போயிரலாம்."

"நீ போ. எதிர்வீட்டுக்காரி இந்நேரம் திண்ணையிலதான் உக்காந்திருப்பா. நான் நடந்து வாரதை அவ பாக்கணும்."

வாசலில் நின்ற தாவூதையும் ஏற்றிக்கொண்டு கார் போனது. பூங்காவில் வேறு யாருமில்லை. மாசிலாமணி பீடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், வண்டியில் யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று கடைசி நிறுத்தத்தில் பார்ப்பதுபோல. ஒன்றுமில்லை. விசிலை வாயில் வைத்து, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இரண்டு முறை ஊதினார். பிறகு இடது காலை முன்னே அனுப்பி, அது சொல்வதைக் கேட்டு, பின்னாலேயே நடந்து போனார்.